நடுகல் குறிப்புகளுக்குத் தனி வலைப்பூ தேவையா?

பாலக்கோடு வாசி:
வணக்கம். எட்டு வருடமாகத் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஊர் ஊராகப் போய் நடுகற்களை, அதாவது இறந்த வீரர்களின் நினைவாக நட்ட கற்களை, படம் பிடித்து ஒரு சமூக வலைத்தளத்தில் போட்டு வந்தேன். போன மாதம் கணக்கை முடக்கிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை, முறையிட்டும் பதில் இல்லை. படங்கள் கைப்பேசியில் இருக்கின்றன, ஆனால் எது எந்த வயலில் எடுத்தது, அந்த வீரனைப் பற்றி ஊர்ப் பெரியவர் என்ன சொன்னார் என்பதெல்லாம் பதிவோடு போய்விட்டது. சொந்தமாக வலைப்பூ தொடங்கலாமா? இந்தக் காலத்தில் அதை யார் படிப்பார்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

ஊத்தங்கரைக்காரன்:
கண்டிப்பாகத் தொடங்குங்கள். நான் 2011 முதல் எழுதுகிறேன், ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வந்தால் அதிகம், ஆனால் வருகிறவர் தேடிக்கொண்டு வருகிறார். எங்கள் பக்கத்தில் வேடியப்பன் என்று சாமியாகக் கும்பிடும் நடுகல் ஒன்றைப் பற்றி எழுதியிருந்தேன். எண்ணெயும் மஞ்சளும் பூசிப் பூசி வீரனின் முகமே மழுங்கிவிட்டது, கையில் வில் மட்டும் தெரியும், தலைக்கு மேல் பழங்காலத் தமிழ் எழுத்து முறையான வட்டெழுத்தில் இரண்டு வரி. அப்புறம் மேடை கட்டுகிறேன் என்று சிமெண்ட் பூசியதில் அந்த எழுத்தும் மறைந்துபோனது. ஆறு வருடம் கழித்து ஒரு ஆய்வு மாணவி, 'அந்தப் படம் பெரிதாகக் கிடைக்குமா சார்?' என்று மின்னஞ்சல் அனுப்பினார். 'தொறு' என்று தேடியிருக்கிறார், மாட்டு மந்தைக்குக் கல்வெட்டில் வரும் சொல் அது. இன்றைக்கு அந்த எழுத்து இருப்பது என் பதிவில் மட்டும்தான்.

ஓசூர் கணினி:
அண்ணா சொல்வது சரி. ஆனால் இலவச முகவரியோடு நிறுத்தாதீர்கள். இலவசமாக வலைப்பக்கம் வைக்க இடம் கொடுத்த ஜியோசிட்டீஸை 2009-இல் மூடினார்கள், ஆர்குட்டை 2014-இல், கூகுள் பிளஸை 2019-இல். கூகுளின் இலவச வலைப்பூ சேவையான பிளாகரிலேயே தொடங்குங்கள், ஆனால் டொமைனை, அதாவது சொந்த இணைய முகவரியை, உங்கள் பெயரில் வாங்கி இணைத்துவிடுங்கள். நாளைக்கு வேறு இடத்துக்கு மாறினாலும் வாசகருக்கு அதே முகவரிதான். வருடா வருடம் புதுப்பிக்க மறந்தால் அதுவும் கைவிட்டுப் போகும், அதனால் தேதியைக் குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை பதிவுகளை இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் போடுங்கள். முக்கியமாக, ஊர்ப் பெயரையும் கல்வெட்டு வரிகளையும் படத்தின் மேல் எழுதாமல் யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள், இல்லாவிட்டால் தேடினால் கிடைக்காது.

பாலக்கோடு வாசி:
நன்றி. டொமைன் இன்றே வாங்கிவிட்டேன். கதை சொன்ன பெரியவர்களில் மூன்று பேர் பென்னாகரம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு போகிறேன்.