கடல்நீர்த் தொட்டி மணலில் கறுப்புத் திட்டு, உதவுங்கள்

வணக்கம் மக்களே. நாகர்கோவிலில் இருந்து எழுதுகிறேன். நாலடி கடல்நீர்த் தொட்டி வைத்து எட்டு மாதம் ஆகிறது. இரண்டு கோமாளி மீன், கொஞ்சம் மென்பவளம்.

"கடல் பக்கத்திலேயே இருக்கு, மணலுக்கா பஞ்சம்?" என்று வீட்டில் கேட்டார்கள். ஆனால் மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் இல்மனைட், கார்னெட், மோனசைட் போன்ற கனிமங்கள் எல்லாம் கலந்து கிடக்கும். பவளத்தோடு அதைப் போட மனம் வரவில்லை. அரகோனைட் என்ற சுண்ணாம்பு வகை மணல்தான் வாங்கினேன். வினிகர் விட்டுப் பார்த்தேன், நன்றாக நுரைத்தது.

தவறு மணல் போட்ட உயரத்தில்தான். ஒரு அங்குலம் என்றால் சைஃபன் (உறிஞ்சு குழாய்) வைத்துச் சுத்தம் செய்துவிடலாம். நாலு அங்குலத்துக்கு மேல் என்றால், அடியில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றும். நான் போட்டதோ இரண்டரை அங்குலம். இப்போது கண்ணாடியோரம் கறுப்புத் திட்டுகள். போன வாரம் ஒரு பாறையை நகர்த்தியபோது அழுகிய முட்டை நாற்றம் வந்தது. ஹைட்ரஜன் சல்பைடுதான். மொத்தமாகக் கிளறினால் மீன்கள் செத்துவிடுமோ என்று கைவைக்கவே பயமாக இருக்கிறது.

வாரம் ஒரு மூலையாக, தண்ணீர் மாற்றும்போது உறிஞ்சி எடுத்து ஒரு அங்குலத்துக்குக் குறைக்கலாமா? அப்படிச் செய்தவர்களுக்குத் தண்ணீரில் அமோனியா ஏறியதா? அப்புறம், பாறைகள் மணல் மேலேதான் உட்கார்ந்திருக்கின்றன, சரியாமல் எப்படி எடுப்பது?

மணலைக் கிளற நசாரியஸ் நத்தை விடலாம் என்றும் நினைக்கிறேன். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.