புதுப்பிப்பு: மேடில்லாத ஊரிலிருந்து ஆல்ப்ஸுக்கு

மேடே இல்லாத சென்னையில் இருந்துகொண்டு, பிரான்சின் ஆல்ப் துவெஸ் மலையில் சைக்கிளில் ஏறுவதற்கு நாங்கள் நாலு பேர் எப்படித் தயாராவது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலரும் ஏலகிரியைச் சொன்னீர்கள். போனோம்.

14 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவதில் இறங்கித் தள்ளினேன். கடந்துபோன பஸ்ஸின் கண்டக்டர், “ஏறிக்கிறீங்களா சார்?” என்றார். ஆல்ப் துவெஸிலோ 21 வளைவுகள், 13 கிலோமீட்டருக்கு மேல், சராசரியாக 8 சதவீத ஏற்றம்!

சரி என்று, ஏற்றத்தில் மிதிக்க இலகுவாக இருக்க, பின்சக்கரப் பெரிய பல்சக்கரத்தை 28 பல்லிலிருந்து 34 பல்லுக்கு மாற்றினேன். அடுத்த ஞாயிறு, நத்தை வேகம்தான், ஆனால் கால் ஊன்றவில்லை. மற்ற நாட்களில் கடற்கரையோர ஈசிஆர் சாலையின் எதிர்காற்றுதான் எங்கள் மலை.

சைக்கிளைப் பிரித்துப் பெட்டியில் அடைக்க மட்டும் இன்னும் வரவில்லை. பெடல் ஒன்று கழலவே மாட்டேன் என்கிறது. இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை என்பது நேற்றுத்தான் தெரிந்தது.