புதுப்பிப்பு: காற்று நீக்கிய பின்னும் அமுங்கிய பிரேக் மிதி

முன்சக்கர காலிப்பர்கள் (பிரேக் கட்டைகளை அழுத்திச் சக்கரத்தை நிறுத்தும் பாகங்கள்) இரண்டையும் கழற்றி வேறு பூட்டி, பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை மூன்று முறை நீக்கிய பிறகும் பிரேக் மிதி பஞ்சுபோல் அமுங்குவதாகச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். மாஸ்டர் சிலிண்டரே (மிதியை அழுத்தும்போது ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம்) பழுது என்று பலரும் கூறியதால், புதிதாக ஒன்றை வாங்குவதற்கு முன் சக்கரங்களுக்கு ஆயில் செல்லும் ரப்பர் ஹோஸ்களைக் கவ்வியால் மெல்ல இறுக்கிப் பார்த்தேன். முன்பக்கத்து இரண்டையும் இறுக்கியதும் மிதி கல்லாக நின்றது. அப்படியானால் குறை ஹோஸ்களைத் தாண்டி முன்சக்கரப் பக்கம்தான்; மாஸ்டர் சிலிண்டரில் இல்லை. சக்கரத்தைக் கழற்றியபோது, காற்று வெளியேற வேண்டிய நிப்பிள் காலிப்பரின் அடிப்பக்கத்தில் இருந்தது: இடம் வலம் மாற்றிப் பூட்டியிருக்கிறேன் (வெட்கம்தான்). காற்று மேலே தங்கிவிட, கீழ்வழியே குமிழியின்றித் தெளிவாக வந்த ஆயில் என்னை ஏமாற்றியிருக்கிறது. பக்கம் மாற்றி, புதிய செப்பு வாஷர்களுடன் பூட்டி, டாட் 4 (DOT 4) தரப் பிரேக் ஆயில் ஊற்றி மீண்டும் காற்றை நீக்கியதும், மிதி மேலேயே உறுதியாக நிற்கிறது.