60 கார்டுக்கும் ஒரே வேலை: எங்கள் வீட்டு குரூப்பில் ஒரு டெக் பேச்சு

குரூப்: தாத்தா வீடு, தலவாக்கலை
சனிக்கிழமை, மாலை 6:12

தம்பி: [படம்]

தம்பி: அண்ணா, போகிமான் கார்ட் ஆட்டத்துக்கு நான் கட்டிய டெக் (சீட்டுக்கட்டு) இதுதான். எல்லாமே நல்ல கார்ட். ஆனாலும் பக்கத்து வீட்டுப் பையனிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறேன். எதை மாத்தணும்?

பேராதனை அண்ணா: படம் ஒரே இருட்டு. லைட் போட்டு இன்னொன்று எடு.

அம்மா: மத்தியானத்தில் இருந்து கரண்ட் இல்லை. இங்கே சரியான மழை.

தம்பி: எண்ணிச் சொல்கிறேன். போகிமான் 26, எனர்ஜி 24, ட்ரெய்னர் (உதவிக் கார்ட்) 10. சாரிசார்ட் இஎக்ஸ் 1, பிஜியட் இஎக்ஸ் 1, கையரடோஸ் 1, பிகாச்சு 2, இன்னும் நிறைய. எனர்ஜியில் நெருப்பு, தண்ணீர், மின்சாரம், புல் எல்லாம் 6, 6.

பேராதனை அண்ணா: சரி. இந்த 60 கார்டும் சேர்ந்து என்ன செய்யப் போகிறது? ஒரே வரியில் சொல்லு.

தம்பி: சாரிசார்ட் வந்தால் அடிக்கும்.

பேராதனை அண்ணா: வராவிட்டால்?

தம்பி: வேற யாராவது அடிக்கும்.

பேராதனை அண்ணா: அங்கேதான் பிரச்சினை. சாரிசார்ட் அடிக்க நெருப்பு எனர்ஜி 2 வேண்டும். உன்னிடம் உள்ள 24ல் 18 அதற்கு உதவாது. கையரடோஸுக்கு வேண்டியது கையில் இருக்கும்போது பிகாச்சு வந்து நிற்கும். ஒவ்வொரு கார்டும் நல்ல கார்ட்தான், ஆனால் ஒன்றுக்கு ஒன்று உதவி செய்யவில்லை.

பேராதனை அண்ணா: இன்னொன்று. ஆட்டம் தொடங்கும்போது 6 கார்டைக் கவிழ்த்து பிரைஸாக வைக்கிறோம் இல்லையா? எதிரியின் போகிமானை விழுத்தும்போதுதான் அதில் இருந்து எடுப்போம், 6ம் எடுத்தவர் ஜெயிப்பார். 60ல் 6. அப்படியென்றால் சராசரியாகப் பத்து ஆட்டத்தில் ஒன்றில் உன் ஒரே சாரிசார்ட் அதற்குள் போய் மாட்டிக்கொள்ளும்.

பதுளை மாமா: இது என்னடா ஆட்டம்? 304 சீட்டாட்டத்தில் கைக்கு வந்ததை வைத்து ஆட வேண்டியதுதான். சீட்டுக்கட்டையே நாம் வீட்டில் இருந்து கட்டிக்கொண்டு போவதா?

பேராதனை அண்ணா: அதுதான் மாமா இதில் சுவாரசியம். 304ல் அதே 32 கார்ட் எல்லாருக்கும் பொது. இதில் பாதி ஆட்டம் கட்டைக் கட்டும்போதே நடந்துவிடும்.

பேராதனை அண்ணா: தம்பி, கணக்கைப் பார். பேசிக் எனர்ஜி தவிர ஒரே பெயரில் 4 கார்ட் வரை போடலாம். சாரிசார்டாக வளர்கிற சின்ன போகிமான்தான் சார்மாண்டர். 60 கார்டில் அதை 4 போட்டால், முதலில் எடுக்கும் 7 கார்டில் ஒன்றாவது வர 40 சதவீதம் வாய்ப்பு. 1 மட்டும் போட்டால் 12 சதவீதம்கூட இல்லை. மிச்சத்தை ட்ரெய்னர் கார்ட் பார்த்துக்கொள்ளும். அல்ட்ரா பால் 4, நெஸ்ட் பால் 4 வைத்தால் அந்த எட்டும் சார்மாண்டரைத் தேடி எடுத்துக் கொடுக்கும். நெஸ்ட் பால் எடுத்ததை நேராக பெஞ்சிலேயே, அதாவது முன்னால் நிற்கும் போகிமானுக்குப் பின்னால் காத்திருக்கும் வரிசையிலேயே வைத்துவிடும். அல்ட்ரா பாலுக்குக் கையில் இருந்து 2 கார்ட் கழிக்க வேண்டும், அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

தம்பி: ட்ரெய்னர் கார்ட் அடிப்பதில்லையே, அதனால்தான் எடுத்துவிட்டேன்.

பேராதனை அண்ணா: தொடங்கும் எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் டெக்கை ஓட வைப்பதே அதுதான். போட்டியில் ஜெயிக்கிற டெக்கைப் பார், பெரும்பாலும் பாதிக்கு மேல் ட்ரெய்னர் இருக்கும்.

பேராதனை அண்ணா: உன் திட்டம் இதுதான். முதல் சுற்றில் சார்மாண்டர் பெஞ்சுக்கு வர வேண்டும். அடுத்த சுற்றில் ரேர் கேண்டி போட்டு, நடுவில் உள்ள சார்மீலியனைத் தாண்டி நேராக சாரிசார்ட் இஎக்ஸ். அது இறங்கியதும் டெக்கில் இருந்து நெருப்பு எனர்ஜி 3 வரை தானே எடுத்துச் சேர்த்துக்கொள்ளும். அதனால் உனக்கு 24 எனர்ஜி தேவையே இல்லை, 8 போதும். ஒரு சுற்றில் வைத்த சார்மாண்டருக்கு அதே சுற்றில் ரேர் கேண்டி போட முடியாது, அதனால்தான் முதல் சுற்று முக்கியம்.

ஹட்டன் அக்கா: வீட்டில் ஆடும் பிள்ளைக்கு இவ்வளவு கணக்கு வேணுமா?

பேராதனை அண்ணா: அவனேதான் கேட்கிறான் அக்கா. ஏன் தோற்கிறோம் என்று தெரியாமல் தோற்றுக்கொண்டிருந்தால் ஆட்டமே வெறுத்துப்போகும்.

மாலை 7:05

தம்பி: மாத்திட்டேன். சார்மாண்டர் 4, சாரிசார்ட் இஎக்ஸ் 4, ரேர் கேண்டி 4, நெருப்பு 8, மீதி 40 ட்ரெய்னர். எல்லாம் ஒரே வேலைக்கு.

பேராதனை அண்ணா: இப்போது அந்தப் பக்கம் ரொம்பச் சாய்ந்துவிட்டாய். முதல் 7 கார்டில் பேசிக் போகிமான், அதாவது வேறொன்றில் இருந்து வளராமல் நேராக இறக்கக்கூடியது ஒன்றாவது இல்லாவிட்டால் கையைக் காட்டிவிட்டுத் திரும்பக் கலைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எதிரி ஒரு கார்ட் கூடுதலாக எடுக்கலாம். பேசிக் 4 மட்டும் என்றால் 60 சதவீதம் தடவை இது நடக்கும். 8 வைத்தால் 35 சதவீதம் அளவுக்கு வரும். 12 வைத்தால் 19.

தம்பி: அப்போ எத்தனை?

பேராதனை அண்ணா: 9, 10 போதும். சார்மாண்டர் 4, பிஜி 3, இன்னும் ஒன்றிரண்டு சின்ன போகிமான். பிஜி இருந்தால் அதுவும் ரேர் கேண்டியில் பிஜியட் இஎக்ஸ் ஆகும். பிஜியட் சுற்றுக்கு ஒரு தடவை டெக்கில் இருந்து விரும்பிய எந்தக் கார்டையும் எடுத்துத் தரும். சார்மீலியனிலும் ஒன்று வை, ரேர் கேண்டி கிடைக்காத நாளுக்கு.

பதுளை மாமா: எந்தக் கார்டையும் எடுக்கலாமா? அப்படியென்றால் கட்டுக்குள் என்ன மிச்சம் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேணுமே.

பேராதனை அண்ணா: மாமா, சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். இந்த ஆட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்ததே அதுதான். முதல் தடவை டெக்கைத் தேடும்போது முழுக்கப் பார்க்கலாம். 3 சாரிசார்ட் போட்டிருக்கிறாய், கையில் 1, டெக்கில் 1 என்றால் மற்றது பிரைஸில் கிடக்கிறது. கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் அந்த ஒரு பார்வையிலேயே 6 பிரைஸும் என்னவென்று கணக்குப் போட்டுவிடுவார்கள்.

பதுளை மாமா: எத்தனை துரும்பு போனது, ஜாக்கி எவன் கையில் என்று நாங்கள் எண்ணுவது போலத்தான். தம்பி, ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் எண்ணப் போகாதே. எனக்கு அப்பா சொல்லித் தந்தபோது துரும்பை மட்டும்தான் எண்ணச் சொன்னார். அது பழகிய பிறகு ஒன்பதுகள்.

பேராதனை அண்ணா: அதேதான். முதலில் சாரிசார்டையும் ரேர் கேண்டியையும் மட்டும் எண்ணு.

தம்பி: சரி மாமா. இன்னொரு கேள்வி. நேற்று சாரிசார்ட் ரெண்டு தடவை வந்தும் தோத்தேன். அது ஏன்?

பேராதனை அண்ணா: முதலில் யாரை முன்னால் அனுப்பினாய்?

தம்பி: பிகாச்சு ரெண்டும் பெஞ்சில். சாரிசார்டும் பிஜியட்டும்தான் மாறி மாறி முன்னால்.

பேராதனை அண்ணா: பெயரில் இஎக்ஸ் என்று வருகிற பலமான போகிமான் ஒன்று விழுந்தால் எதிரிக்கு 2 பிரைஸ். மூன்று விழுந்தால் 6, ஆட்டம் முடிந்தது. இப்போது ஒரு பிரைஸ் மட்டும் தருகிற சின்ன போகிமானை முதலில் முன்னால் விட்டுப் பார். அவன் 1 எடுப்பான். பிறகு 2, அப்புறம் 2. மொத்தம் 5. கடைசி ஒன்றுக்காக அவன் நான்காவதாக ஒன்றை விழுத்த வேண்டும். உனக்கு முழுசாக ஒரு சுற்று மிச்சம்.

பேராதனை அண்ணா: சாரிசார்டின் அடியையும் பார். 180, அதோடு எதிரி எடுத்த ஒவ்வொரு பிரைஸுக்கும் 30 கூடும். அவன் 1 எடுத்திருந்தால் 210. 3 எடுத்திருந்தால் 270. பின்னால் இருந்து ஆடுவதற்கென்றே செய்த கார்ட் அது. ஆனால் அவன் பாஸ் ஆர்டர்ஸ் போட்டு பெஞ்சில் உள்ள பிஜியட்டை முன்னால் இழுப்பான், அதையும் யோசித்து வை.

ஹட்டன் அக்கா: நானும் ஒன்று சொல்கிறேன். எங்கள் வேலையிடத்து ஆட்கள் நாலு பேர் போயா விடுமுறைக்குக் கூடினால் மேஜிக் கார்ட் ஆட்டத்தில் கமாண்டர் முறை ஆடுவோம். 100 கார்ட், மானா என்ற சக்தியைத் தரும் பேசிக் லேண்ட் தவிர எதுவும் ஒன்றுக்கு மேல் வைக்க முடியாது, ஆளுக்கு 40 உயிர். உங்கள் 4 கார்ட் கணக்கு அங்கே செல்லாது.

பேராதனை அண்ணா: அப்போ எப்படி அக்கா நம்பி ஆடுவது?

ஹட்டன் அக்கா: ஒரே வேலையைச் செய்கிற வேறு வேறு கார்ட் பத்து வைப்பேன். மானா கூட்ட ஒரு பத்து, கார்ட் எடுக்க ஒரு பத்து. பெயர் வேறு, வேலை ஒன்று. ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. ஒருநாள் ஒருவர் கொண்டுவந்த டெக் நாலாவது சுற்றிலேயே ஆட்டத்தை முடித்துவிட்டது. மற்ற மூன்று பேரும் பிளேன்டீ குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் இருந்து கார்டைக் கலைக்கும் முன்பே பேசிக்கொள்வோம், இன்று எந்த மாதிரி டெக் என்று. 2025ல் கமாண்டர் டெக்குகளை ஐந்து நிலையாகப் பிரித்து வெளியிட்டார்கள், அது இந்தப் பேச்சுக்கு நல்ல உதவி.

பேராதனை அண்ணா: அது உண்மைதான். போட்டியில் எதிரே இருப்பவனுக்காக டெக்கைக் குறைக்க வேண்டியதில்லை. வீட்டு மேசையில் அப்படி இல்லை.

ஹட்டன் அக்கா: அந்தப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கார்ட் எவ்வளவு இருக்கு தம்பி?

தம்பி: அவனிடம் ரெடியாக வாங்கிய டெக் ஒன்றுதான் அக்கா. இந்த டெக்கோடு போனால் இனி அவன் தோத்துக்கிட்டே இருப்பான்.

ஹட்டன் அக்கா: அப்படியென்றால் இரண்டு டெக் கட்டு. கழித்த கையரடோஸ், தண்ணீர் எனர்ஜி எல்லாம் சேர்த்து அதையும் ஒழுங்காக ஒரே திட்டத்தில் கட்டு. ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றிக்கொள்ளுங்கள். எதிர் டெக்கை நீயே ஆடிப் பார்த்தால் அது எங்கே தடுமாறும் என்று கையாலேயே தெரியும்.

பேராதனை அண்ணா: இது எனக்குத் தோன்றவே இல்லை. நல்ல யோசனை.

தம்பி: ஆனால் 4 ரேர் கேண்டிக்கு என்னிடம் 1தான் இருக்கு. கடையில் தங்கக் கலர் கார்ட் பாக்கெட் விற்கிறார்கள், வாங்கலாமா?

பேராதனை அண்ணா: வேண்டாம், அவை போலி. போட்டிகளில் ஏற்க மாட்டார்கள், காசும் வீண். வீட்டு ஆட்டத்துக்குப் பேப்பரில் பெயரையும் விவரத்தையும் எழுதி, ஸ்லீவ் உறையில் வேறொரு கார்டுக்கு முன்னால் செருகு. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் போதும்.

அம்மா: போன கிழமை வாங்கித் தந்த மினுக்கு கார்ட் எல்லாம் வளைந்து கிடக்குதே, அதுவும் போலியா?

பேராதனை அண்ணா: இல்லை சித்தி, மினுக்கு கார்ட் ஈரக்காற்றில் வளையும். உங்கள் பக்கத்துப் பனிக்குச் சொல்லவே வேண்டாம். சப்பாத்துப் பெட்டியில் வரும் சின்ன சிலிக்கா பாக்கெட்டை டின்னில் போட்டு, கார்டை அதற்குள் வைத்து இறுக மூடி வையுங்கள். வளைந்த கார்டைக் கட்டுக்குள் பார்த்தாலே எதுவென்று தெரிந்துவிடும், போட்டியில் அது குறி வைத்த கார்ட் மாதிரி ஆகிவிடும்.

இரவு 8:20

தம்பி: கரண்ட் வந்திடுச்சு. ரெண்டு டெக்கும் எழுதிட்டேன். [படம்]

பேராதனை அண்ணா: சாரிசார்ட் டெக்கில், முன்னால் நிற்பதைப் பெஞ்சில் உள்ளதோடு மாற்றும் ஸ்விட்ச் கார்ட் ஒன்றுகூட இல்லை. எனர்ஜி இல்லாத பிஜியை எதிரி முன்னால் இழுத்து விட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வாய். நெருப்பில் 1ஐக் குறைத்து ஒரு ஸ்விட்ச் போடு. மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். இன்றைக்குச் சும்மா 7, 7 கார்டாக எடுத்துப் பார், இருபது தடவை. எத்தனை தடவை சார்மாண்டர் வந்தது என்று எழுதி அனுப்பு.

பதுளை மாமா: நாளைக்கு ரயிலில் வருகிறேன். அந்தத் தண்ணீர் டெக்கை எனக்குத் தா, ஆடிப் பார்க்கலாம்.