புதுப்பிப்பு: மோட்டார்ஸ்டார்ம் ஓட்டிப் பார்த்தாச்சு

புதிய ரேஸ் கேம்களே ஆடிப் பழகிய நான், ப்ளேஸ்டேஷன் 3-க்கு 2006-இல் வந்த மோட்டார்ஸ்டார்மை இப்போது முதன்முதலாக வாங்கி ஆடலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். வாங்கிவிட்டேன், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் இப்போது இதுதான் ஓடுகிறது.

சேறுதான் பெரிய ஆச்சரியம். முன்னால் போகும் லாரி தரையைக் கிழித்துவிட்டுப் போனால் அந்தத் தடம் அப்படியே கிடக்கிறது, அடுத்த சுற்றில் அதே பள்ளத்தில் நம் வண்டி இறங்குகிறது, அதனால் பைக் எடுத்தால் மேட்டுப் பாதையைப் பிடியுங்கள், கீழே போனால் கனமான வண்டிகள் நசுக்கிவிடும். வண்டிக்குக் கூடுதல் வேகம் தரும் பூஸ்ட்டை விடாமல் அழுத்தினால் இன்ஜின் சூடேறி வெடிக்கும் என்று ஒரு அண்ணன் எச்சரித்திருந்தார். உண்மைதான் அண்ணா, ரொம்ப நன்றி.

ஒரே குறை, திரையைப் பிரித்து இருவர் ஆட வழியில்லை, ஆன்லைன் சர்வர்களும் எப்போதோ மூடியாச்சு. தம்பியும் நானும் மாறி மாறித்தான் ஓட்டுகிறோம். 2008-இல் வந்த அடுத்த பாகம் பசிபிக் ரிஃப்டில் நான்கு பேர் வரை சேர்ந்து ஆடலாம், தண்ணீரில் இறங்கினால் இன்ஜினும் குளிரும். டர்பன் பக்கம் யாரிடமாவது அந்த டிஸ்க் இருந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.