புதுப்பிப்பு: தான்சானியா கிராமத்துல வாலன்டியர் டீச்சர், கணக்கு புரியாத பிரச்சினையும் சாப்பாட்டுக் காசும்

பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மோஷி பக்கம் ஒரு கிராமத்துல, ஃபார்ம் ஒன் (ஏழாவது முடிஞ்சு வர்ற ஹைஸ்கூல் முதல் வகுப்பு) பிள்ளைங்களுக்கு நான் இங்கிலீஷ்ல நடத்துற கணக்கு புரியல, தங்கியிருக்க வீட்டம்மா சாப்பாட்டுக்குக் காசு வாங்க மாட்டேங்குறாங்கன்னு கேட்டிருந்தேன்.

ஏழாவது வகுப்பு சுவாஹிலி கணக்கு புக்கைப் பக்கத்துல வச்சு நடத்துங்கன்னு ஒரு அண்ணன் சொன்னது தான் வேலை செஞ்சுது. இங்க அரசுப் பள்ளியில ஏழாவது வரைக்கும் எல்லாமே சுவாஹிலி, ஃபார்ம் ஒன்ல திடீர்னு இங்கிலீஷ், அதனால பிள்ளைங்களுக்குக் கணக்கு தெரியும், கேள்வி தான் புரியல. போர்டுல டிரையாங்கிள் போட்டு பக்கத்துல சுவாஹிலில பெம்பெதாத்துன்னு எழுதுனதும் பின் பெஞ்ச் பொண்ணு எழுந்து வந்து மூணு கோணத்தையும் கூட்டி 180னு எழுதிட்டா, அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு!

காசு விஷயத்துக்கு, அக்கா ஒருத்தர் சொன்ன மாதிரி மாமாவோட, அதாவது வீட்டம்மாவோட, சந்தைக்குப் போயி சர்க்கரை, அரிசி, எண்ணெய் வாங்கிக் குடுத்தேன், மறுக்காம வாங்கிக்கிட்டாங்க. (இங்க அம்மாவைத் தான் மாமான்னு கூப்பிடணும்.)

எதிர்பாராத ஒண்ணு, நேரம். சுவாஹிலில காலைல ஏழு மணி தான் ஒரு மணி. எட்டு மணிக்கு விசேஷம்னா மதியம் ரெண்டு மணி, கேட்டு உறுதி பண்ணிக்கோங்க. வர்றவங்க டூரிஸ்ட் விசால வந்து பாடம் நடத்தாதீங்க, வாலன்டியருக்கு கிளாஸ் சி ரெசிடன்ஸ் பர்மிட் (தங்குறதுக்கான அனுமதி) வேணும்.