கல்லிடை ஆச்சி வீடு (குழு)

கோமதி: ஜோசியர் ஆவணி முதல் முகூர்த்தத்தைக் குறித்துக் கொடுத்துவிட்டார். பிள்ளைக்கு அப்போது பதினொன்றாம் மாதம். அடுத்த மாதம் இரட்டைப்படை, காது குத்த முடியாது. இடம் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில்தான். முருகன் அண்ணா, பார்த்துப் பதில் போடு.

சண்முகம் பெரியப்பா: மிக்க மகிழ்ச்சி.

இசக்கி: காரையாறு என்றால் பாபநாசம் வனத்துறைச் சோதனைச் சாவடியில் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். நான் போய்க் கேட்கிறேன்.

பார்வதி: தாய்மாமன் எங்கே? உயிரோடு இருக்கிறானா என்றாவது சொல்லலாம்.

சுப்பையா அத்தான்: வீட்டையே ஓட்டிக்கொண்டு போய்விட்டான். எங்கே என்று தேடுவது?

முருகன்: எல்லோருக்கும் வணக்கம். கனடாவில் ஃபிரேசர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பல இடங்களில் சிக்னல் இல்லை. இப்போதுதான் பிரின்ஸ் ஜார்ஜ் வந்தோம். இங்கே இரவு ஒன்பதரை, இன்னும் வெளிச்சம் போகவில்லை. விவரமாகச் சொல்கிறேன். வாடகைக்கு எடுத்த வீட்டு வண்டியில் அலாஸ்கா போகிறோம். சியாட்டிலிலிருந்து கிளம்பி சூமாஸில் எல்லையைக் கடந்தோம். துப்பாக்கி, மது, புகையிலை, விறகு உண்டா என்று கேட்டார்கள். விறகோடு பூச்சி வந்துவிடுமாம், எல்லை தாண்டி எடுத்துப் போகக் கூடாது. எனக்கும் செல்விக்கும் பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும் போதும். மாமா அமெரிக்காவுக்குச் சுற்றுலா விசாவில் வந்தவர், அதை மட்டும் காட்டினால் கனடாவுக்குள் விட மாட்டார்கள். அவருக்குத் தனியாக விசா எடுத்திருந்தோம். எல்லை தாண்டியதும் பலகையெல்லாம் கிலோமீட்டர். வண்டியின் முள் மைலில் ஓடுகிறது. 100 என்று பலகையைப் பார்த்து

முருகன்: கை பட்டுப் போய்விட்டது. 100 என்றால் 62 மைல் என்று கணக்குப் போட்டுக்கொண்டே ஓட்ட வேண்டும்.

பார்வதி: சம்பந்தியும் வருகிறாரா?

சுப்பையா அத்தான்: போச்சு.

செல்வி: அத்தை, உங்களைத்தானே முதலில் கூப்பிட்டோம். கால்வலி, விமானம் ஏற மாட்டேன் என்றீர்கள்.

பார்வதி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

கோமதி: அண்ணா, ஆவணி.

இசக்கி: அண்ணாச்சி, கழிப்பறையும் வண்டிக்குள்ளேயா? அதெல்லாம் எங்கே போகிறது?

முருகன்: நல்ல கேள்வி. அடியில் இரண்டு தொட்டிகள். ஒன்று கழிப்பறைக்கு, மற்றது குளியல், சமையல் தண்ணீருக்கு. இறக்குவதற்கென்றே தனி இடங்கள் இருக்கின்றன. முதலில் கழிப்பறைத் தொட்டி, அப்புறம்தான் குளியல் தண்ணீர். அப்போதுதான் பின்னால் வருவது குழாயைக் கழுவிவிடும். கையுறை கட்டாயம். மாமா டார்ச் பிடித்துக்கொண்டு, வால்வு மூடியிருக்கிறதா, வால்வு மூடியிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே நின்றார்.

சுப்பையா அத்தான்: இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

பார்வதி: இதற்குத்தானா பி.இ. படிக்க வைத்தோம்.

சண்முகம் பெரியப்பா: சாப்பாடு?

செல்வி: நேற்று சொதி வைத்தேன் பெரியப்பா. டப்பாத் தேங்காய்ப்பால்தான். ஏசி ஓடும்போதே மிக்சியையும் மைக்ரோவேவையும் போட்டோம், கரண்ட் போய்விட்டது. முகாமில் 30 ஆம்பியர் இணைப்புதான்.

பார்வதி: இஞ்சித் துவையல் இல்லாமல் சொதியா?

சண்முகம் பெரியப்பா: நாளை எந்த ஊர்?

முருகன்: டாசன் கிரீக். அலாஸ்கா நெடுஞ்சாலை அங்கேதான் தொடங்குகிறது. 1942-இல், போர்க்காலத்தில், அமெரிக்க ராணுவம் சில மாதங்களில் வெட்டிய சாலை. அலாஸ்காவில் டெல்டா ஜங்ஷன் வரை சுமார் 2,200 கிலோமீட்டர்.

சண்முகம் பெரியப்பா: கன்னியாகுமரியில் கிளம்பினால் நாக்பூரையே தாண்டிவிடலாம்.

முருகன்: வழியெல்லாம் கரடி வேறு. சாப்பாட்டை வெளியே வைக்கக் கூடாது.

இசக்கி: கரடிக்கு அவ்வளவு தூரமா? கடையத்துக்கு வாருங்கள் அண்ணாச்சி, தோட்டத்துக்கே வருகிறது.

சுப்பையா அத்தான்: அது கிடக்கட்டும். ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம். ஞாயிறு போவோமா?

இசக்கி: சாரலும் உண்டு. போவோம்.

கோமதி: நான் ஒருத்தி காதுகுத்து என்று கத்திக்கொண்டிருக்கிறேன்.

முருகன்: கோபப்படாதே. வண்டியைச் செப்டம்பரில்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆவணி பிறக்கும்போது அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸ் பக்கம் இருப்போம். அங்கே விமான நிலையம் இருக்கிறது. நான் மட்டும் கிளம்பி

செல்வி: வண்டியை யார் ஓட்டுவது? அப்பாவா?

முருகன்: யோசித்துச் சொல்கிறேன்.

பார்வதி: கோமதி கல்யாணத்துக்கும் இப்படித்தான் யோசித்தான். மாப்பிள்ளைக்கு மாலை எடுத்துக் கொடுத்தது இசக்கி.

இசக்கி: பெரியம்மா, அதெல்லாம் எதற்கு இப்போது. மடி வேண்டுமென்றால் நான் உட்காருகிறேன், சீர் அண்ணாச்சி அனுப்பட்டும்.

சுப்பையா அத்தான்: விவரமான பிள்ளை.

சண்முகம் பெரியப்பா: கூடப்பிறந்தவன் இருக்கும்போது அது முறையல்ல.

கோமதி: பத்திரிகைக்கு இந்த வாரமே பெயர் கொடுக்க வேண்டும் பெரியப்பா. யார் பெயர் போடுவது?

பார்வதி: பொறு.

கோமதி: எதுவரைக்கும்?

சுப்பையா அத்தான்: ஞாயிறு குற்றாலம் வருகிறவர்கள் சொல்லுங்கள். வேனுக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.

சண்முகம் பெரியப்பா: நானும் உன் பெரியம்மாவும்.

பார்வதி: எனக்கு முன் சீட்.